செட்டிநாட்டில் இருந்துகொண்டே சொந்தப் புத்தகம்: முதல் திரட்டுவதும் வாசகரைச் சேர்ப்பதும்

சொந்தமாகப் புத்தகம் போட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஆயிரம் படி அடிக்க எவ்வளவு ஆகும்?" என்பதுதான். நான் பதில் சொல்வதற்கு முன்னால், "வாங்கப் போகிறவர்கள் யார் யார், பேர் சொல்லுங்கள்" என்று கேட்பேன். பத்துப் பதினைந்து பேருக்கு மேல் சொல்ல வராது. அந்தப் பட்டியல் நூறைத் தாண்டும் வரை அச்சகத்துப் பக்கம் போக வேண்டாம் என்பதே என் முதல் யோசனை. முதலில் வாசகர், அடுத்து பணம், கடைசியில் அச்சு. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, கட்டுக் கட்டாகப் புத்தகத்தை வீட்டு வளவில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

இந்த வழி நமக்குப் புதிதும் அல்ல. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது அச்சுச் செலவுக்குக் கைப்பணம் போதவில்லை. புத்தகம் வந்ததும் இத்தனை படி வாங்கிக்கொள்கிறோம் என்று அன்பர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். யார் வாங்குவார்கள் என்பது அச்சு முடியும் முன்பே அவருக்குத் தெரியும். பாரதியார் எடுத்த வழி வேறு. 1919-இல் காரைக்குடிக்கு வந்து இந்து மதாபிமான சங்கத்தைப் பாடியவர், அடுத்த ஆண்டு தம் நூல்களை எல்லாம் தாமே வெளியிடத் திட்டம் போட்டு, வட்டி தருகிறேன், கடன் கொடுங்கள் என்று நண்பர்களுக்குச் சுற்றுக்கடிதம் அனுப்பினார். அந்தத் திட்டம் நிறைவேறாமலே 1921-இல் காலமானார். அவ்வளவு பெரிய கவிக்கே கடன் வழி கைகொடுக்கவில்லை. முதல் புத்தகத்துக்கு நகையை அடகு வைப்பதும் வட்டிக்கு வாங்குவதும் வேண்டவே வேண்டாம்.

வாசகர் பட்டியல்

ஒரு நோட்டு வாங்கிப் பெயர், ஊர், கைபேசி எண், எப்படிப் பழக்கம், எதை விரும்பிப் படிப்பார் என்று எழுதத் தொடங்குங்கள். உறவுக்காரர்களைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அவர்கள் அன்புக்காக வாங்குவார்கள். அதை வைத்து உங்கள் எழுத்துக்கு எவ்வளவு வாசகர் என்று முடிவு கட்ட முடியாது. அறிமுகமே இல்லாத ஒருவர் உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு "அடுத்தது எப்போ வரும்?" என்று கேட்டால், அந்தப் பெயரை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

அப்படிப்பட்டவர்களைச் சேர்க்க எளிய வழி, புத்தகத்தின் ஒரு துண்டை வாரம் ஒருமுறை அனுப்புவது. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) நல்லது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு: உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். "என் எண்ணைச் சேமித்துக்கொண்டு ஒரு வரி எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன்" என்று கேட்டுச் சேருங்கள். கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

என்ன எழுதி அனுப்புவது? ஊரைப் பற்றி எழுதுங்கள். கானாடுகாத்தான் வீட்டு முகப்பு, ஆத்தங்குடித் தளக்கல் வார்க்கிற விதம், ஆயா (பாட்டி) பாடிய தாலாட்டு, பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு, கல்யாணத்தில் இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்) எழுதுகிற முறை, இப்படி இங்கே பிறந்தவருக்கு மட்டுமே விவரமாகத் தெரிந்த சங்கதிகள் ஏராளம். நீங்கள் எழுதுவது நாவலாகவே இருக்கட்டும், அந்த நாவலுக்குள் வருகிற ஒரு வீட்டையோ சமையலையோ தனித் துண்டாக எழுதலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் இதைப் பத்துப் பேருக்கு அனுப்பி வைப்பார்கள்.

நேரில் பழகவும் நம் பக்கத்தில் இடம் நிறைய. சா.கணேசன் 1939-இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் விழா ஒவ்வொரு பங்குனியிலும் காரைக்குடியில் நடந்து, அத்த நாளில் நாட்டரசன்கோட்டையில் நிறைவு பெறும். கடைசி வரிசை வரை உட்கார்ந்து கேட்கிற கூட்டம் அது. அங்கே போய் முதலில் கேளுங்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள். பை நிறையப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கையில் திணிப்பது அந்தச் சபைக்கு மரியாதை ஆகாது. நூலக வாசகர் வட்டம், அழகப்பா பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர்கள், ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர்கள் ஆகியோரையும் நேரில் போய்ப் பாருங்கள். ஒரு தமிழாசிரியருக்கு உங்கள் எழுத்து பிடித்துவிட்டால், ஐம்பது வீடுகளில் உங்கள் பெயர் பேசப்படும்.

கணக்கு

நம் ஊரில் கடை வைத்தவர்கள் நாள்வழியில் தினவரவு எழுதி, பேரேட்டில் பிரித்து, ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுத்தார்கள். புத்தகத்துக்கும் அதே ஒழுங்கு வேண்டும். இலக்கியத்தில் கணக்குப் பார்ப்பதா என்று கூச்சப்படுகிறவர்கள்தான் இரண்டாவது புத்தகம் போட முடியாமல் நிற்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. உங்கள் அச்சகம் தரும் கொட்டேஷனை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். டெம்மி அளவில் 160 பக்கம், அதாவது பதினாறு பக்கம் கொண்ட பாரம் பத்து. மெய்ப்புத் திருத்த (பிழை பார்த்துத் திருத்த) 5,000 ரூபாய், பக்க வடிவமைப்பு 4,000, அட்டை ஓவியமும் வடிவமைப்பும் 4,000. 300 படி அச்சிட, படிக்கு 80 என்று 24,000. லாரி வாடகை 1,500. ஆக மொத்தம் 38,500.

300-ஆல் வகுத்தால் படிக்கு 128 ரூபாய் வரும். ஆனால் 300 படியும் விற்பனைக்கு வராது. முன்னுரை எழுதியவர், மதிப்புரைக்கு, நூலகங்களுக்கு, போட்டிகளுக்கு என்று 30 படி போய்விடும். மிச்சம் 270. அதனால் ஒரு படிக்கு உண்மையான அடக்கம் 143 ரூபாய்.

விலை 200 என்று போட்டால் லாபம் போலத் தெரியும். புத்தகக் கடைக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் கைக்கு வருவது 130. ஒவ்வொரு படிக்கும் 13 ரூபாய் நட்டம். அதே படியை, அச்சுக்கு முன்பே பணம் கட்டுகிறவருக்கு முன்வெளியீட்டு விலையாக 180-க்கு நேராகக் கொடுத்தால் 37 ரூபாய் நிற்கும். கடைகளையே நம்பியிருந்தால் முதல் தேறாது என்பது இதிலிருந்து தெரியும். முன்பதிவில் 150 படி போனால் 27,000 ரூபாய் அச்சுக்கு முன்பே கையில் இருக்கும். மிச்சம் 11,500-ஐக் கடை வழியாக 90 படி விற்றே எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு விற்கிற ஒவ்வொன்றும் அடுத்த புத்தகத்துக்கு முதல். பட்டியலில் நூறு பெயர் என்பது அச்சகத்தோடு பேச்சைத் தொடங்குவதற்கான எண். ஆர்டர் கொடுப்பதற்கு நூற்றைம்பது முன்பதிவு வேண்டும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. தபால் செலவை விலையில் கலக்காமல் தனியாக வாங்குங்கள்.

உங்கள் கணக்கில் கடைக் கழிவு போக நட்டம் வந்தால், விலையை ஏற்றுங்கள் அல்லது பக்கத்தைக் குறையுங்கள். மெய்ப்புக்கான காசில் மட்டும் கை வைக்காதீர்கள். சந்திப்பிழையும் எழுத்துப்பிழையும் நிறைந்த புத்தகத்தை நம் ஊர் வாசகர் இரண்டாம் முறை நம்பி வாங்க மாட்டார்.

முதல் எங்கிருந்து வரும்

முதன்மையான வழி முன்வெளியீட்டுத் திட்டம். ஒரு பக்கத் தாளில் புத்தகம் எதைப் பற்றியது, எத்தனை பக்கம், விலை, முன்பதிவு விலை, எந்தத் தேதிக்குள் கையில் வரும், வராவிட்டால் பணம் எப்போது திரும்பும் என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வரி மிக முக்கியம். அது இருந்தால் அறிமுகம் இல்லாதவரும் நம்பிப் பணம் அனுப்புவார். இதற்கென்று தனி வங்கிக் கணக்குத் திறந்து, யுபிஐ கியூஆர் அட்டையை அந்தத் தாளிலேயே அச்சிடுங்கள். பணம் வந்த அன்றே ரசீது அனுப்புங்கள். குறைந்தது இத்தனை முன்பதிவு சேராவிட்டால் அச்சிடுவதில்லை என்று ஓர் எல்லையும் வையுங்கள். சேராமல் போனால் எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டு, துண்டுகள் எழுதி அனுப்புவதை இன்னும் ஆறு மாதம் தொடருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இங்கே உள்ள உறவினர் மூலம் பணம் கட்டுவது எளிது. புத்தகத்தையும் அந்த வீட்டிலேயே சேர்த்துவிடலாம். கல்யாணம், குடமுழுக்கு, தைப்பூசப் பாதயாத்திரை என்று ஊருக்கு வருகிறவர் எடுத்துப் போவார். முன்பதிவு செய்தவர்களின் பெயரைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போடுவது நல்ல மரியாதை. சம்மதம் கேட்டுவிட்டுப் போடுங்கள்; சிலர் விரும்ப மாட்டார்கள்.

அடுத்தது, செட்டிநாட்டுக்கே வாய்த்த வழி. அறுபது, எண்பது நிறையும் சாந்திக் கல்யாணங்களில் வந்தவர்களுக்குப் புத்தகம் கொடுத்தனுப்பும் பழக்கம் இங்கே இருக்கிறது. எவர்சில்வர் கிண்ணத்துக்குப் பதிலாக நல்ல புத்தகம் கொடுக்கலாமே என்று நினைக்கிற வீடுகளும் உண்டு. உங்கள் புத்தகம் கோயில் வரலாறாகவோ, பாரம்பரியச் சமையலாகவோ, பிள்ளைகளுக்கான கதையாகவோ, பழம்பாட்டுத் தொகுப்பாகவோ இருந்தால் அந்த வீட்டாரைப் போய்ப் பாருங்கள்.

பேச்சு இப்படிப் போகலாம். "ஆச்சி, அண்ணனுக்கு எண்பது வருதாமே. தாம்பூலப் பையில் வைக்க நம்ம ஊர்த் தாலாட்டுப் புத்தகம் ஒண்ணு தயார் பண்றேன். முதல் பக்கத்துல உங்க ரெண்டு பேர் படமும் வாழ்த்தும் போட்டு இருநூறு படி தனியா அடிச்சுத் தர்றேன்" என்று சொல்லி மாதிரிப் படியைக் கையில் கொடுங்கள். "எங்க வீட்டுப் பாட்டும் ரெண்டு சேத்துக்குறீகளா?" என்று ஆச்சி கேட்டால், நல்ல பாட்டாக இருந்தால் தாராளமாகச் சேருங்கள். விழாவுக்கு மூன்று மாதம் முன்னதாகவே பேசிவிட வேண்டும். முன்பணம் பாதி, படிகளை ஒப்படைக்கும்போது பாதி. வாழ்த்துப் பக்கம் அவர்களுடையது, உள்ளடக்கம் உங்களுடையது என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இப்படி ஒரு வீடு இருநூறு படி எடுத்துக்கொண்டால், அதே ஓட்டத்தில் அடிக்கிற உங்கள் பொதுப் பதிப்புக்கும் படி அடக்கம் நன்றாகக் குறையும். புதுக்கவிதைக்கும் துயரம் மிகுந்த நாவலுக்கும் இந்த வழி பொருந்தாது. மங்கல வீட்டில் எதைக் கொடுப்பார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

தமிழ் வளர்ச்சித் துறை நூல் வெளியிட நிதியுதவி தருகிறது. கையெழுத்துப் படியோடு விண்ணப்பிக்க வேண்டும், வருமான வரம்பு உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடி எழுத்தாளர்களுக்கு அவர்கள் நலத்துறை வழியாகவும் உதவித் திட்டம் இருக்கிறது. அறிவிப்பு நாளிதழில் வரும்போது தயாராக இருக்க வேண்டும் என்றால் தட்டச்சு செய்த முழுப் படி இப்போதே கையில் இருக்க வேண்டும். உதவி கிடைத்தால் நல்லது. அது கிடைக்கும் என்று எண்ணி அச்சுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஊர்க் கடைகளில் விளம்பரம் வாங்கிப் பின்பக்கங்களில் போடுவது விழா மலருக்குச் சரி. கதைப் புத்தகத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

காசு கேட்கும் பதிப்பகங்கள்

"உங்கள் கதையைத் தேர்வு செய்துவிட்டோம், இத்தனை ஆயிரம் கட்டுங்கள்" என்று தொலைபேசி வரும். காசு வாங்கிக்கொண்டு வேலை செய்து தருவது தப்பில்லை, அது ஒரு சேவை. ஆனால் பதிப்பாளர் என்பவர் தம் பணத்தைப் போடுகிறவர். உங்கள் பணத்தில் அச்சிட்டால் நீங்கள்தான் பதிப்பாளர்; உரிமை முழுவதும் உங்களிடம் இருக்க வேண்டும். எத்தனை படி அடிப்பார்கள், எத்தனை உங்கள் வீட்டுக்கு வரும், விற்ற கணக்கை எப்போது காட்டுவார்கள், வடிவமைத்த கோப்பை உங்களுக்குத் தருவார்களா, ஒப்பந்தத்தை எப்படி முறிக்கலாம் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

புத்தகத்தை அடையாளம் காட்டுகிற ஐஎஸ்பிஎன் எண்ணுக்கென்று தனிக்கட்டணம் கேட்பார்கள். அதை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. எழுத்தாளர் தம் பெயரிலேயே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கிடைக்க நாள் ஆகலாம், ஆகவே அட்டை வேலை தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண்.

பதிப்புரிமை எழுதிய அந்தக் கணமே உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை. உங்கள் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும் அது நிற்கும். திரைப்பாடல் வரிகளை அனுமதியின்றி எடுத்தாளாதீர்கள்.

அச்சும் மின்னூலும்

கோப்பை ஒருங்குறியில் (யூனிகோடில்) வைத்திருங்கள். பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தால் மின்னூலாக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி, மறுபடி முழு மெய்ப்பும் பார்க்க வேண்டியிருக்கும். வடிவமைப்பாளர் மென்பொருளுக்கு ஏற்ப எழுத்துருவை மாற்றியிருந்தாலும், தாளில் அச்செடுத்து வரிவரியாக ஒருமுறை படியுங்கள். சத்தம் போட்டுப் படித்தால் பிழை காதிலேயே தட்டும்.

முன்பதிவு நூறுக்கும் குறைவு என்றாலும் புத்தகம் வந்தே ஆக வேண்டும் என்றால், வேண்டும்போது அச்சிடும் முறைக்குப் போங்கள். சென்னை நோஷன் பிரஸ், பெங்களூரு போத்தி.காம் போன்றவை இதைச் செய்கின்றன. படி அடக்கம் கூடும், ஆனால் வீட்டில் கட்டு தேங்காது. முந்நூறு, ஐந்நூறு படி உறுதி என்றால் ஆப்செட்டில் மலிவு. சிவகாசியிலும் சென்னையிலும் மதுரையிலும் இரண்டு மூன்று அச்சகங்களில் கொட்டேஷன் வாங்கி, 70 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) மேப்லித்தோ தாள் மாதிரியைக் கையில் தடவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அச்சிட்ட புத்தக விற்பனைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அச்சுக்கூலிக்கு உண்டு, அதைச் சேர்த்துச் சொல்கிறார்களா என்று கேளுங்கள்.

அமேசானின் மின்னூல் வெளியீட்டுத் தளமான கேடிபி தமிழ் மின்னூல்களை ஏற்கிறது, செலவு எதுவும் இல்லை. இந்திய விற்பனையில் 70 சதவீத உரிமைத்தொகை வேண்டும் என்றால் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேராவிட்டால் 35 சதவீதம். சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறெங்கும் கொடுக்கக் கூடாது, ஆனால் அச்சுப் புத்தகத்தை எங்கும் விற்கலாம். ஒவ்வொரு 90 நாளிலும் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கவும் முடியும். புத்தகம் வந்த முதல் வாரத்தில் இலவச நாளைச் செலவழிக்காதீர்கள். முன்பதிவில் காசு கொடுத்தவர்களுக்கு அது வருத்தமாக இருக்கும். கணக்குத் திறக்கும்போது வரிப் படிவத்தில் பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். அமெரிக்கக் கடை விற்பனையில் 30 சதவீதத்துக்குப் பதிலாக, ஒப்பந்தப்படி 15 சதவீதம்தான் பிடிப்பார்கள்.

ஊரறியச் செய்வது

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், பொன்னாடை, பிளெக்ஸ், சாப்பாடு என்று போனால் அச்சுச் செலவைத் தாண்டிவிடும். ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் போதும். பேச்சாளர் இருவர் போதும்; இருவரும் புத்தகத்தை முழுக்கப் படித்தவர்களாக இருக்க வேண்டும். நீங்கள் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். வாசல் பக்கம் மேசை போட்டு, சில்லறையும் கியூஆர் அட்டையும் கையெழுத்துப் போடப் பேனாவும் தயாராக வைத்திருங்கள்.

காரைக்குடி, புதுக்கோட்டை, சிவகங்கைப் புத்தகத் திருவிழாக்களில் ஒரே ஒரு புத்தகத்துக்காகத் தனி அரங்கு எடுப்பது கட்டுப்படியாகாது. உங்கள் நூலின் பொருளுக்கு நெருக்கமான நூல்களை விற்கும் அரங்குக்காரரிடம் இருபது படி கொடுத்து, மாலைகளில் அங்கே நின்று வாசகரோடு பேசுங்கள். புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சிக்கும் இதே வழிதான். வாசகருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி அங்கெல்லாம் வழக்கம். அரங்குக்காரர் கழிவும் அதற்கு மேல் உண்டு. கடைக்கும் அரங்குக்கும் கொடுக்கிற ஒவ்வொரு கட்டுக்கும் சலான் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விற்ற பின்தான் பணம் வரும். மாதம் ஒருமுறை கேட்பதில் கூச்சம் வேண்டாம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

மதிப்புரைக்கு எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்புவதைவிட, உங்கள் மாதிரி நூல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் யார் என்று பார்த்து ஐந்து பேருக்கு ஒரு பக்கக் கடிதத்தோடு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். முன்பதிவு வாசகர்களிடம், பிடித்திருந்தால் நான்கு வரி எழுதிப் படத்தோடு போடச் சொல்லுங்கள். தெரிந்தவர் சொல்லுக்கு நம் பக்கத்தில் தனி மதிப்பு.

புத்தகம் வந்த பின் செய்ய வேண்டியவை இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தம் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஆளுக்கு ஒரு படி அனுப்ப வேண்டும். சொந்தமாக வெளியிட்ட நீங்களும் பதிப்பாளர்தான். சட்டம் கேட்காவிட்டாலும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்துக்கும் ஒவ்வொரு படி கொடுங்கள். ரோஜா முத்தையா நூலகம் கோட்டையூரில் ஒருவர் தம் வீட்டில் சேர்த்த தொகுப்பிலிருந்து பிறந்தது. சின்ன ஊர்களில் சிலரே வாங்கிய சிறு வெளியீடுகளும் அவர் சேர்த்ததால்தான் இன்று ஆராய்ச்சியாளர் கைக்கு எட்டுகின்றன.

பொது நூலக இயக்ககம் நூல் கொள்முதலுக்கு விண்ணப்பம் கேட்கும்போதும், தமிழ் வளர்ச்சித் துறை சிறந்த நூல்களுக்கான பரிசுக்கு அறிவிக்கும்போதும் நூல் வெளியான ஆண்டைப் பார்ப்பார்கள். ஆகவே உரிமைப் பக்கத்தில் முதல் பதிப்பு எந்த மாதம், எந்த ஆண்டு என்பதைத் தெளிவாக அச்சிடுங்கள். எத்தனை படி அனுப்ப வேண்டும் என்பது அறிவிப்பில் இருக்கும். விற்பனைக்கு வராத அந்த முப்பதில் பத்துப் படியை இதற்கென்று தனியாகக் கட்டி, மேலே எழுதி வைத்துவிடுங்கள். விற்பனைக் கட்டோடு கலந்தால் கடைசி நாளில் கையில் ஒன்றுகூட இருக்காது.